ஹைஸ்கூல் படிக்கும்போதே கல்லூரி கிரெடிட்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் என்றால் பெரும்பாலும் 120 செமஸ்டர் கிரெடிட். ஒரு பாடத்துக்குப் பொதுவாக 3 கிரெடிட் கிடைக்கும். ஆய்வகம் சேர்ந்த அறிவியல் பாடம் என்றால் 4 அல்லது 5. இதில் ஒரு பகுதியைப் பிள்ளை ஹைஸ்கூலில் இருக்கும்போதே சேர்த்துக்கொள்ள இங்கே வழிகள் இருக்கின்றன. பல மாநிலங்களில் அதற்கான செலவை அரசே ஏற்கிறது. ஊரில் பிளஸ் டூ முடித்த பிறகுதான் கல்லூரியைப் பற்றிப் பேசுவோம். அந்தப் பழக்கத்திலேயே இங்கும் இருந்துவிடுவதால், பத்தாம் வகுப்பிலோ பதினொன்றிலோ பிள்ளையோடு வந்து இறங்கும் குடும்பங்களுக்கு இந்த விஷயம் காதில் விழும்போது விண்ணப்பத் தேதிகள் முடிந்திருக்கும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு கிரெடிட் தரப்போவது அவன் அல்லது அவள் நாளை சேரப்போகும் கல்லூரி. ஹைஸ்கூலும் தேர்வு நடத்தும் அமைப்பும் மதிப்பெண்ணையும் சான்றையும் மட்டுமே தரும். ஒரே மதிப்பெண்ணுக்கு ஒரு பல்கலைக்கழகம் 8 கிரெடிட் தரலாம், பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றுமே தராமல் போகலாம். அதனால் கல்லூரியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதுதான் சரியான வழி.

இருக்கும் வழிகள்

ஏ.பி. என்று எல்லோரும் சொல்வது காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் கல்லூரித்தரப் பாடங்களும் தேர்வுகளும். வருடம் முழுக்க ஹைஸ்கூலிலேயே பாடம் நடக்கும், மே மாதத்தில் தேர்வு, மதிப்பெண் 1 முதல் 5 வரை. கிரெடிட் தரும் கல்லூரிகள் பொதுவாக 3 அல்லது அதற்கு மேல் கேட்கும். கடினமான இடங்கள் 4 அல்லது 5 கேட்கும்.

டூயல் என்ரோல்மென்ட் என்பது உண்மையான கல்லூரிப் பாடத்தையே படிப்பது. பெரும்பாலும் அருகில் உள்ள கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு ஆண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியில் நடக்கும். சில இடங்களில் கல்லூரியின் பாடத்தை ஹைஸ்கூல் ஆசிரியரே பள்ளியில் நடத்துவார். மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். வாஷிங்டனில் ரன்னிங் ஸ்டார்ட், ஒஹையோவில் காலேஜ் கிரெடிட் பிளஸ், மினசோட்டாவில் பி.எஸ்.ஈ.ஓ., டெக்சஸில் டூயல் கிரெடிட். மினசோட்டாவின் திட்டம் 1985-லேயே வந்தது. ஒஹையோவில் ஏழாம் வகுப்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) நடத்தும் பள்ளியில் பிள்ளை படித்தால், ஹையர் லெவல் பாடங்களுக்குப் பல கல்லூரிகள் கிரெடிட் தரும். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் தேர்வுகளுக்கும் அப்படித்தான். ஊரில் இவற்றில் ஒன்றை எழுதிவிட்டு வந்திருந்தால் அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக கிளெப். இதற்கு வகுப்பே தேவையில்லை. தானாகப் படித்து எழுதும் தேர்வு. 20 முதல் 80 வரை மதிப்பெண். பெரும்பாலான கல்லூரிகள் 50 கேட்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறக்கட்டளை இதற்கான பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் தருகிறது. செலவு குறைவு என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் கிளெப்புக்கு கிரெடிட் தருவதில்லை. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தருகிறது. எங்கே சேரப்போகிறோம் என்று ஓரளவு தெரிந்த பிறகு கிளெப் பக்கம் போனால் போதும்.

முதல் வேலை: கல்லூரியின் அட்டவணையைப் படிப்பது

பிள்ளை சேர வாய்ப்புள்ள நான்கைந்து கல்லூரிகளை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் குறைந்தது இரண்டு அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றின் இணையதளத்திலும் ஏ.பி. கிரெடிட் அட்டவணை இருக்கும். எந்தத் தேர்வு, என்ன மதிப்பெண், அதற்குப் பதிலாக என்ன கிடைக்கும் என்று வரிசையாக இருக்கும்.

அந்தக் கடைசிப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். அங்கே மூன்று வகையான பதில்கள் வரும். ஒன்று, குறிப்பிட்ட பாடத்தின் எண்ணே இருக்கும்: கால்குலஸ் முதல் பாடம், பொது வேதியியல் முதல் பாடம் என்று. இதுதான் நல்ல பலன். பிள்ளை அந்தப் பாடத்தை எடுக்கவே வேண்டாம். இரண்டாவது, எலெக்டிவ் கிரெடிட் என்று இருக்கும். 120-இல் எண்ணிக்கை கூடும், ஆனால் கட்டாயப் பாடம் எதுவும் குறையாது. இன்ஜினியரிங் போன்ற மேஜர்களில் (முதன்மைப் பாடப்பிரிவுகளில்) விருப்பப்பாடத்துக்கு இடமே குறைவு என்பதால், இப்படி வந்த கிரெடிட் பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிடும். மூன்றாவது, பிளேஸ்மென்ட். கிரெடிட் கிடைக்காது, அடுத்த நிலைப் பாடத்தில் நேராக உட்காரலாம், அவ்வளவுதான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 அல்லது அதற்கு மேல் வாங்கிய ஏ.பி. தேர்வுகளுக்கு எல்லா வளாகங்களும் யூனிட், அதாவது கிரெடிட் தரும். ஆனால் அந்த யூனிட் மேஜரின் கட்டாயப் பாடத்தைக் கழிக்குமா என்பதை ஒவ்வொரு வளாகமும், அதற்குள் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக முடிவு செய்கின்றன. இலினாயில் அரசுக் கல்லூரிகள் 3 மதிப்பெண்ணுக்கே கிரெடிட் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மறுபக்கம், கால்டெக் ஏ.பி.க்கு கிரெடிட் தருவதில்லை. டார்ட்மத் 2018-இல் பட்டம் பெறும் மாணவர்களிலிருந்து அதை நிறுத்திவிட்டது. எம்.ஐ.டி. மிகச் சில தேர்வுகளுக்கு, அதுவும் 5 வாங்கினால் மட்டுமே தருகிறது. அப்படிப்பட்ட இடங்களைக் குறிவைக்கும் பிள்ளைக்கு ஏ.பி. விண்ணப்பத்தில்தான் உதவும், கட்டணம் மிச்சமாகும் என்று கணக்குப் போட வேண்டாம்.

டூயல் என்ரோல்மென்ட் பாடத்துக்கு வேறு இடத்தில் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் அசிஸ்ட் என்ற இணையதளம், கம்யூனிட்டி காலேஜின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்குச் சமம் என்று மேஜர்வாரியாகக் காட்டும். டெக்சஸிலும் ஃபிளோரிடாவிலும் அரசுக் கல்லூரிகளுக்குப் பொதுவான பாட எண் முறை இருக்கிறது. எண் ஒன்றாக இருந்தால் பாடமும் ஒன்று. மாநிலம் தாண்டிப் போகும்போதும் தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போதும் இந்த உறுதி கிடையாது. என் கருத்தைக் கேட்டால், சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம்தான் இலக்கு என்றால் டூயல் என்ரோல்மென்ட். எங்கே போவோம் என்றே தெரியாது என்றால் ஏ.பி.

அப்புறம் கவுன்சிலர்

ஒவ்வொரு ஹைஸ்கூல் மாணவருக்கும் பாடத்தேர்வில் வழிகாட்டும் ஒரு கவுன்சிலர் இருப்பார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கவனிப்பவர் அவர். அவரே கூப்பிட்டுச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வு பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே நடந்துவிடும். அதற்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்குங்கள்.

போகும்போது ஊர் மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்டத்தையும் எடுத்துப்போங்கள். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் முக்கோணவியல் வருகிறது, அதனால் அல்ஜீப்ரா 2 என்ற ஹைஸ்கூல் கணித வகுப்பைத் தாண்டிப் போக முடியும் என்பது இங்குள்ள கவுன்சிலருக்குத் தானாகத் தெரியாது. பாடத்திட்டத்தைக் காட்டி, தேவைப்பட்டால் பள்ளியின் நிலைத்தேர்வையும் எழுத வைத்தால், பிள்ளை சரியான கணித வகுப்பில் உட்காரும். இந்த ஒரு விஷயத்துக்காகப் பணிவாக, ஆனால் விடாமல் பேசுங்கள். கால்குலஸ் வகுப்பு பன்னிரண்டாவதிலா பதினொன்றிலா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது.

கவுன்சிலரிடம் கேட்க வேண்டியவை: இந்தப் பள்ளியில் எந்த ஏ.பி. பாடங்கள் உண்டு, டூயல் என்ரோல்மென்டுக்கு எந்தக் கல்லூரியோடு ஒப்பந்தம், கட்டணமும் புத்தகமும் யார் பொறுப்பு, கல்லூரியில் வாங்கும் கிரேடு ஹைஸ்கூல் ஜி.பி.ஏ.வில் (கிரேடு சராசரியில்) எப்படிச் சேரும்.

ஏ.பி. எடுத்தால்

வகுப்பில் சேர்ந்தால் தேர்வுக்கும் தானாகவே பதிவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. பள்ளி திறந்ததும் ஆசிரியர் ஜாயின் கோட் என்ற சேர்க்கைக் குறியீடு ஒன்றைத் தருவார். பிள்ளை காலேஜ் போர்டு கணக்கில் நுழைந்து, மை ஏ.பி. பக்கத்தில் அந்தக் குறியீட்டைப் போட்டு, தேர்வு எழுதுகிறேன் என்றும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். பள்ளிகள் தேர்வுகளை ஆர்டர் செய்யக் கடைசி நாள் நவம்பர் நடுவில். அதனால் பள்ளி தன் மாணவர்களுக்கு வைக்கும் கெடு பெரும்பாலும் அக்டோபரிலேயே வந்துவிடும். தாமதித்தால் தேர்வு ஒன்றுக்கு 40 டாலர் கூடுதல். கட்டணம் ஏறத்தாழ 100 டாலர். வருமானம் குறைவான குடும்பங்களுக்குச் சலுகை உண்டு, சில மாநிலங்களும் பள்ளிகளும் மீதியையும் கட்டிவிடும். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் பள்ளியில் ஒரு பாடம் இல்லையென்றாலும் அந்தத் தேர்வை எழுதலாம். ஏ.பி. வகுப்பில் படித்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. உங்கள் பள்ளியோ பக்கத்துப் பள்ளியோ தேர்வு மட்டும் எழுத இடம் தருமா என்று அங்குள்ள ஏ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் செப்டம்பரிலேயே கேளுங்கள்.

ஊரில் கணிதத்தில் கெட்டிக்காரர்களாக இருந்த பிள்ளைகள் கால்குலஸ் ஏ.பி.யில் மதிப்பெண் இழப்பதற்குக் கணக்குத் தெரியாதது காரணமாக இருப்பதில்லை. விரிவாக எழுதும் பகுதியில், ஏன் இந்த விடை என்று ஒரு வாக்கியத்தில் காரணம் சொல்லச் சொல்வார்கள். இந்த எண் சூழலில் எதைக் குறிக்கிறது என்று அலகோடு விளக்கச் சொல்வார்கள். விடை சரியாக இருந்தாலும் அந்த வாக்கியம் இல்லாவிட்டால் புள்ளி போய்விடும். இன்னொன்று, ஒரு பகுதிக்கு கிராஃபிங் கால்குலேட்டர் வேண்டும், மறு பகுதிக்குக் கூடாது. கால்குலேட்டரே தொடாமல் படித்து வந்த பிள்ளைக்கு அதைப் பழக நேரம் ஆகும். காலேஜ் போர்டு இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் வினாக்களும், புள்ளி எப்படிப் போட்டார்கள் என்ற விளக்கமும், மாணவர்கள் எழுதிய விடைகளின் மாதிரிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. காசு கொடுத்து டியூஷன் வைக்கும் முன் அவற்றில் நான்கைந்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள்.

மதிப்பெண் ஜூலையில் வரும். ஆண்டுதோறும் ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பலாம். அதற்கு ஜூன் 20-க்குள் கல்லூரியின் பெயரைக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஆண்டில் இதைத் தவறவிடாதீர்கள். முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண்களும் அதே அறிக்கையில் போய்விடும்.

கம்யூனிட்டி காலேஜ் பாடம் எடுத்தால்

கலிஃபோர்னியாவில் நடப்பதைச் சொல்கிறேன். மற்ற மாநிலங்களிலும் வரிசை கிட்டத்தட்ட இப்படித்தான்.

முதலில் இணையத்தில் கல்லூரி விண்ணப்பம். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பிள்ளை அந்த இடத்தில் இல்லை என்று குறிக்கலாம். ஒன்றிரண்டு நாளில் மாணவர் எண் மின்னஞ்சலில் வரும். அடுத்து ஸ்பெஷல் அட்மிட் படிவம். இதில் எந்தப் பாடம் என்று எழுதி, பெற்றோர் கையெழுத்து, பள்ளி முதல்வர் அல்லது அவர் நியமித்தவர் கையெழுத்து வாங்கி, கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். பல கல்லூரிகளில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஹைஸ்கூல் அலுவலகம் ஜூன் தொடக்கத்தில் மூடிவிட்டால் கோடை வகுப்புக்குக் கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார். ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள்.

பாடத்துக்கு முன்தேவை இருந்தால், அதாவது ப்ரீ ரெக்விசிட் இருந்தால், ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டை (கிரேடுப் பதிவேட்டை) அனுப்பி அதைத் தனியாக கிளியர் செய்ய வேண்டும். பிறகு பதிவு நாள். ஹைஸ்கூல் மாணவர்களுக்குக் கடைசி வரிசைதான், அதனால் இடம் நிறைந்திருக்கும். வெயிட்லிஸ்டில் பெயர் போட்டுவிட்டு, முதல் நாள் வகுப்புக்குக் கட்டாயம் போகச் சொல்லுங்கள். இணைய வகுப்பு என்றால் முதல் நாளே கேன்வாஸ் என்ற வகுப்பு இணையதளத்தில் நுழைந்து முதல் வேலையை முடித்திருக்க வேண்டும். முதல் நாள் வராதவரை ஆசிரியர் நீக்கிவிடுவார். அந்த இடம்தான் வெயிட்லிஸ்டில் இருப்பவருக்குப் போகும்.

செமஸ்டருக்கு 11 யூனிட் வரை எடுக்கும் ஹைஸ்கூல் மாணவருக்குப் பெரும்பாலான கலிஃபோர்னியா கல்லூரிகள் யூனிட் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. புத்தகமும் சில சிறு கட்டணங்களும் உங்கள் கையிலிருந்து போகலாம். ஒஹையோவில் அரசுப் பள்ளி மாணவர் அரசுக் கல்லூரியில் படித்தால் புத்தகமும் இலவசம். ஆனால் ஃபெயில் ஆனால் பள்ளி மாவட்டம் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அந்தச் செலவைத் திருப்பிக் கேட்கலாம்.

விசாவைப் பற்றிக் கவலை வேண்டாம், கவனம் வேண்டும். எச்-4 என்ற குடும்பத்தினர் விசாவில் இருக்கும் பிள்ளை படிக்கத் தடை எதுவும் இல்லை. மாநிலவாசிக் கட்டணமா வெளியாள் கட்டணமா என்பதுதான் கேள்வி, அதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் பதில் வேறு. பதிவு செய்யும் முன் அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். நண்பர் வீட்டில் இப்படித்தான் நடந்தது என்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இனி நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல நினைப்பது. இந்த வகுப்பில் வாங்கும் கிரேடு பிள்ளையின் கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கும். ஏ.பி. தேர்வில் 2 வந்தால் அதை எந்தக் கல்லூரிக்கும் அனுப்பாமல் இருந்துவிடலாம். கம்யூனிட்டி காலேஜில் டி கிரேடு வாங்கினால் மறைக்க முடியாது. இளநிலை விண்ணப்பத்தில் எல்லாக் கல்லூரிப் பாடங்களையும் காட்டியாக வேண்டும், பின்னால் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் அது கணக்கில் வரும். அதனால் கல்லூரியின் நாட்காட்டியில் இரண்டு தேதிகளை முதல் வாரமே குறித்துவையுங்கள்: தடயமே இல்லாமல் வெளியேறக் கடைசி நாள், விலகியதைக் காட்டும் டபிள்யூ என்ற குறிப்போடு வெளியேறக் கடைசி நாள். முதல் தேதிக்குள் ஒரு தேர்வு நடந்திருக்கலாம். அதில் பிள்ளை தடுமாறினால் வெளியே வந்துவிடட்டும், இழப்பு ஒன்றும் இல்லை.

வகுப்பு சரியாகப் போகிறதா என்று நீங்கள் பேராசிரியரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. ஃபெர்ப்பா என்ற மத்தியச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் 18 வயது ஆகாவிட்டாலும் கல்லூரிப் பதிவுகளின் மேல் உரிமை மாணவருக்கே. பதினைந்து வயதுப் பிள்ளையே மின்னஞ்சல் எழுத வேண்டும், பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் ஆஃபிஸ் ஹவரில் போய்ச் சந்தேகம் கேட்க வேண்டும். ஊரில் வாத்தியாரிடம் கேள்வி கேட்கத் தயங்கிப் பழகிய பிள்ளைக்கு இதுதான் பாடத்தைவிடக் கடினம். அதனால் முதல் பாடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த பாடமாக, முடிந்தால் ஹைஸ்கூல் வேலை இல்லாத கோடையில். ஆனால் கோடை வகுப்பு ஆறு அல்லது எட்டு வாரத்தில் ஒரு செமஸ்டரை முடிக்கும். அந்த வாரங்களில் ஊருக்கு டிக்கெட் போட வேண்டாம்.

இங்கிலீஷ் காம்போசிஷனை முதல் பாடமாக எடுக்கவும் நான் சொல்ல மாட்டேன். எல்லா டிகிரிக்கும் அது தேவை என்பதால் கவுன்சிலர்கள் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். வாரா வாரம் கட்டுரை, மேற்கோள் காட்டும் முறை, பிறர் எழுத்தை எடுத்தாண்டால் கடும் நடவடிக்கை என்று அது வேறு உலகம். இங்கே ஒரு வருடமாவது ஹைஸ்கூல் ஆங்கில வகுப்பில் எழுதிப் பழகிய பிறகு எடுத்தால் நன்றாக வரும்.

தமிழுக்கும் மதிப்பு உண்டு

தமிழுக்கு ஏ.பி. தேர்வும் இல்லை, கிளெப்பும் இல்லை. ஆனால் சீல் ஆஃப் பைலிட்டரசி என்ற இருமொழிச் சான்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2011-இல் சட்டமாகத் தொடங்கி இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. ஆங்கிலத்திலும் இன்னொரு மொழியிலும் தேர்ச்சியைக் காட்டினால் ஹைஸ்கூல் டிப்ளமாவில் முத்திரை கிடைக்கும். தமிழ்த் தேர்ச்சியைச் சோதிக்கும் அவான்ட் ஸ்டாம்ப் போன்ற தேர்வுகளைப் பல பள்ளி மாவட்டங்கள் ஏற்கின்றன. இலினாயில் அரசுக் கல்லூரிகள் இந்தச் சான்றை ஹைஸ்கூலில் இரண்டு ஆண்டு வேற்றுமொழி படித்ததற்குச் சமமாக ஏற்க வேண்டும், அதை எப்படி கிரெடிட்டாக மாற்றுவது என்றும் வகுத்திருக்க வேண்டும். மினசோட்டாவின் அரசுக் கல்லூரித் தொகுப்பும் இதற்கு கிரெடிட் தருகிறது. ஹைஸ்கூல் முடிந்த மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும். பேச்சுத் தமிழ் மட்டும் தெரிந்தால் எழுத்துப் பகுதியில் சறுக்கும், அதனால் வார இறுதித் தமிழ்ப் பள்ளியை ஹைஸ்கூல் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஊரில் எட்டாவது வரை தமிழ் படித்து வந்த பிள்ளைக்கு இது கையில் இருக்கும் சொத்து.

கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு

எதுவும் தானாகப் போய்ச் சேராது. ஏ.பி. மதிப்பெண்ணைக் காலேஜ் போர்டிலிருந்து அனுப்ப வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்கிரிப்டை அந்தக் கல்லூரியிடமிருந்து நேராக அனுப்பச் சொல்ல வேண்டும். ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் அந்தப் பாடத்தின் பெயர் இருந்தாலும் அது போதாது. கடைசி செமஸ்டரின் கிரேடு ஏறிய பிறகு ஆர்டர் செய்யுங்கள். ஒரே பாடத்துக்கு ஏ.பி.யும் கல்லூரி வகுப்பும் இரண்டும் இருந்தால் ஒருமுறைதான் கிரெடிட் கிடைக்கும்.

முதல் ஆண்டுப் பதிவுக்கு முன் பட்டத்துக்கான பாடங்களில் எவை முடிந்தன என்று காட்டும் டிகிரி ஆடிட் பக்கத்தைப் பிள்ளையின் கணக்கில் திறந்து, வந்த கிரெடிட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கட்டாயப் பாடத்தின் இடத்தில் வராமல் எலெக்டிவ் வரிசையில் கிடந்தால், சம்பந்தப்பட்ட துறைக்கு மேல்முறையீடு செய்யலாம். அங்கே கேட்பது சிலபஸைத்தான்: என்ன புத்தகம், எந்த வாரம் என்ன பாடம், எத்தனை மணி நேரம் ஆய்வகம். அதனால் எந்தக் கல்லூரிப் பாடம் எடுத்தாலும் முதல் வாரமே சிலபஸைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிந்து சில மாதத்தில் கேன்வாஸ் பக்கம் மூடிவிடலாம்.

கிரெடிட் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் பயன்படுத்தியாக வேண்டும் என்பதும் இல்லை. மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளை உயிரியலையும் வேதியியலையும் ஏ.பி.யால் தாண்டிவிட்டால், சில மருத்துவக் கல்லூரிகள் அதை முன்தேவையாக ஏற்காமல், அதே துறையில் மேல்நிலைப் பாடங்களைக் கேட்கும். இன்ஜினியரிங்கில் கால்குலஸ் இரண்டாம் பாடத்தைத் தாண்டும் முன், அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய இறுதித்தேர்வு ஒன்றைப் பிள்ளை தனியாகப் போட்டுப் பார்க்கட்டும். வசதியாக வந்தால் தாண்டலாம். திணறினால் அந்தப் பாடத்தையே மறுபடி எடுக்கலாமா, எடுத்தால் கிரெடிட் என்ன ஆகும் என்று அகடமிக் அட்வைசரிடம் ஓரியன்டேஷன் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.